வெற்றிடத்தின் அடித்தளம் எது?
பேயார்டு, ஆல்பெர்ட் ஆராய்ச்சி பற்றி ஒரு மதிப்பீடு

மின்னிறக்கக் குழாய்ப் பாடத்தை நீங்கள் படித்திருக்கக்கூடும். கண்ணாடிக் குழாயின் இரு முனைகளுக்கும் உயர் மின்னழுத்தம் கொடுத்துவிட்டு, உள்ளே உள்ள காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகிறோம். முதலில் ஊதாக் கீற்றுகள் தோன்றும். பிறகு ஃபாரடே இருட்பகுதி, குரூக்ஸ் இருட்பகுதி என்று காட்சிகள் மாறும். அழுத்தம் 0.01 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்கும்போது குழாய் இருண்டு, கண்ணாடிச் சுவர் ஒளிரும். பாடம் அத்துடன் முடிகிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு மாணவர் புத்தகத்தை மூடிவிடுகிறார்.

அதற்குக் கீழே நடந்த ஓர் ஆராய்ச்சியைத்தான் இங்கே மதிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் டேனியல் ஆல்பெர்ட் என்ற இயற்பியலாரும் அவருடன் பணிபுரிந்த பேயார்டும் 1950-ல் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார்கள். மீவுயர் வெற்றிடம் என்ற துறை அதிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். நூல்களில் இதைப் பற்றி வழக்கமாகக் காண்பது ஒரு வரிதான்: “ஆல்பெர்ட் ஒரு புதிய அழுத்த அளவியைக் கண்டுபிடித்தார்.” இந்த ஒரு வரி எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், ஆல்பெர்ட் வெற்றிடத்தைத் தேடிப் போனவர் அல்லர். அவருக்கும் உடன் இருந்தவர்களுக்கும் வேண்டியிருந்தது தூய வாயு. ஹீலியம் போன்ற வாயுவில் மின்னிறக்கம் நடத்தி, மின்சாரத்தை நிறுத்தியபின் எலக்ட்ரான்களும் அயனிகளும் எவ்வளவு விரைவில் மறைகின்றன என்று அளக்கும் ஆராய்ச்சி அப்போது அங்கே நடந்தது. இதில் ஒரு தொல்லை உண்டு. மின்னிறக்கத்தில் ஹீலிய அணுக்கள் சில 19.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஏற்றுக்கொண்டு நெடுநேரம் கிளர்ந்த நிலையிலேயே இருக்கும். நைட்ரஜன் மூலக்கூறை அயனியாக்க 15.6 போதும், ஆக்சிஜனுக்கு இன்னும் குறைவு. ஆகவே கிளர்ந்த ஹீலியம் எந்த மாசின்மீது மோதினாலும், நியான் நீங்கலாக, அதை அயனியாக்கிவிடும். ஆராய்ச்சியாளர் ஹீலியத்தை அளப்பதாக நினைப்பார். அவர் அளப்பது குழாய்ச் சுவரிலிருந்து கசிந்த நைட்ரஜனாக இருக்கும்! வாயுவை நிரப்புமுன் குழாயை எந்த அளவுக்கு வெறுமையாக்குகிறோமோ அந்த அளவுக்குத்தான் பிறகு வரும் எண்ணை நம்பலாம்.

எவ்வளவு வெறுமை? இங்கேதான் சிக்கல். அன்றைய அயனி அளவிகள் பத்துக் கோடியில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை இறங்கும். அதற்குக் கீழே எவ்வளவு முயன்றாலும் முள் அசையாது. அந்த அழுத்தத்திலும் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 33 கோடி மூலக்கூறுகள் இருக்கும். பம்புகளால் முடிந்தது அவ்வளவுதான் என்று பலர் ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் தூய உலோகப் பரப்பின்மேல் வாயு படியும் வேகத்தைக் கவனித்து வந்த சிலருக்கு 1930-களிலேயே ஓர் ஐயம்: அளவி சொல்லும் அளவுக்கு வாயு இருந்தால் பரப்பு இவ்வளவு நேரம் தூய்மையாக இருக்க முடியாதே?

விடையை முதலில் சொன்னவர் ஆல்பெர்ட் அல்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நாட்டிங்ஹாம். 1947-ல் அவர் சொன்ன கருத்து இது. அளவியின் நடுவில் சுடும் இழை; அதைச் சுற்றிச் சுருள் வடிவில் கிரிட்; எல்லாவற்றுக்கும் வெளியே உருளை வடிவில் அயனிகளைச் சேகரிக்கும் தகடு. இழையிலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் வழியில் வாயுவை அயனியாக்கிவிட்டுக் கடைசியில் கிரிட்டில் மோதும். மோதும்போது மெலிந்த எக்ஸ் கதிர்கள் பிறக்கும். அவை வெளித்தகட்டில் பட்டு எலக்ட்ரான்களை உதிர்க்கும். தகட்டுக்கு ஒரு நேர் அயனி வந்து சேர்ந்தாலும், தகட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறினாலும், மின்னோட்டமானிக்கு இரண்டும் ஒன்றே.

தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை அரிசி நிறுக்கும்போது அந்தப் புளி யார் கண்ணிலும் படாது. குன்றிமணித் தங்கம் நிறுக்கும்போது தராசு காட்டுவதெல்லாம் புளியின் எடைதான்.

பேயார்டும் ஆல்பெர்ட்டும் இதை ஊகமாக விடவில்லை; அவர்கள் கட்டுரையில் நான் பெரிதாக மதிக்கும் பகுதி இதுவே. கிரிட்டின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே தகட்டு மின்னோட்டத்தை அளந்தார்கள். அழுத்தம் அதிகமாக இருந்தபோது வாயு அயனியாவதற்குரிய வளைகோடு கிடைத்தது. அழுத்தம் இறங்க இறங்கக் கோட்டின் வடிவம் மாறி, வாயுவோடு தொடர்பில்லாத, எக்ஸ் கதிருக்குரிய வேறொரு கோடாயிற்று. பம்பின்மேல் குற்றமில்லை, அளவியே பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பது தெளிவாயிற்று.

பரிகாரம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. இழையைக் கிரிட்டுக்கு வெளியே வைத்தார்கள். தகட்டை எடுத்துவிட்டு, கிரிட்டின் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை நிறுத்தினார்கள். கிரிட்டினுள் பிறக்கும் அயனிகளைக் கம்பியின் மின்புலம் இழுத்துக்கொள்ளும். எக்ஸ் கதிரை எந்தப் புலமும் இழுக்காது. அது நேர்கோட்டில் போகும். மெல்லிய கம்பியில் படுவது மிகச் சிறிதே. பொய்க் கணக்கு நூறு மடங்குக்கும் மேல் குறைந்தது. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளக்க முடிந்தது. பத்துக் கோடியில் ஒரு பங்கு அழுத்தத்தில் தூய பரப்பு ஒன்று இரண்டு நிமிடங்களில் வாயுப் படலத்தால் மூடப்பட்டுவிடலாம்; இந்தப் புதிய எல்லையில் அதற்கு மூன்று மணி நேரம்போல் ஆகும். ஒரு சோதனையை நிதானமாகச் செய்து முடிக்க அது போதும். பரப்பு இயற்பியல் என்ற துறை வளர அந்த மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். இந்த அளவி எவ்வளவு வாயு என்று சொல்லுமே தவிர, எந்த வாயு என்று சொல்லாது. நைட்ரஜனுக்கு அளவீடு செய்த கருவி, அதே அழுத்தத்திலுள்ள ஹீலியத்தை ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே காட்டும். மாசு எது என்பதே கேள்வியாக இருக்கும் மின்னிறக்க ஆராய்ச்சிக்கு இது சிறு குறையன்று. மேலும், அளவியே ஒரு பம்பாக வேலை செய்கிறது. அயனியாக்கிய வாயுவைத் தன் சுவரிலும் மின்முனைகளிலும் புதைத்துக்கொள்கிறது. ஆல்பெர்ட் இக்குறையையே பயனாக்கி, அளவியைக்கொண்டே கடைசி வாயுவையும் வெளியேற்றினார் என்பது உண்மை. ஆனால் அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றுகிறது என்ற எச்சரிக்கை, கருவியின் புகழ் பாடும் நூல்களில் அடிக்குறிப்பாகவாவது வரவேண்டும். நாட்டிங்ஹாமின் பெயரும் வரவேண்டும்.

இன்னொன்றும் விடுபட்டுப் போகிறது. வெறும் அளவியால் இந்த வெற்றிடம் கிடைக்கவில்லை. கண்ணாடி அமைப்பு முழுவதையும் சுமார் 400 டிகிரி செல்சியசில் பல மணி நேரம் சூடேற்றி, சுவரில் ஒட்டிய வாயுவை விரட்டவேண்டும். மசகு பூசிய பழைய கண்ணாடித் திருகுகள் அந்தச் சூட்டைத் தாங்கா. அதற்காக முழுதும் உலோகத்தாலான வால்வை ஆல்பெர்ட் வடிவமைத்தார். சூடேற்றிய குழாயில் தூய வாயுவை அளந்து விடுவதற்கும் அது உதவிற்று. என்னைக் கேட்டால், மின்னிறக்க ஆராய்ச்சிக்கு அளவியைவிட அந்த வால்வு செய்த உதவி குறைந்ததன்று.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு வாயு உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஆல்பெர்ட்டும் பூரிட்ஸும் 1954-ல் அதை இனங்கண்டு எழுதினார்கள். காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கே உள்ள ஹீலியம், விரிசல் எதுவுமில்லாத பைரக்ஸ் கண்ணாடியை ஊடுருவி வந்தது! அலுமினோசிலிகேட் கண்ணாடியில் இந்த ஊடுருவல் மிகக் குறைவு. உலோகத்தில் இத்தொல்லை இல்லை. இன்றைய மீவுயர் வெற்றிடக் கலன்கள் பெரும்பாலும் துருவேறா எஃகால் ஆனவை. அவற்றின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் அளவிக்குள் பார்த்தால், பல கூடங்களில் 1950-ஆம் ஆண்டின் அதே நடுக்கம்பி நின்றுகொண்டிருக்கும்.