மடவையின் உதட்டுக்கு ஒரு முள்

நல்ல சின்னு தூண்டில் முள் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இருக்காது. குட்டைத் தண்டு, தாராளமான வட்ட வளைவு, லேசாக உள்பக்கம் சாய்ந்த முனை, அவ்வளவுதான். ஜப்பான் கரையோரத்துக் கறுப்பு மீன் ஒன்றுக்காகப் பிறந்த வடிவம் இது. ஆனால் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மடவை பிடிக்கவே இதை யாரோ உட்கார்ந்து வடித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். இந்தச் சிறு இரும்பு எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் மடவையைச் சொல்கிறேன். அது ஆற்றுவாயிலும் உப்பங்கழியிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். சேற்றின் மேல்படிவையும் பாசியையும் உறிஞ்சித் தின்னும். தின்றதைத் தசை தடித்த இரைப்பையில் போட்டு அரைத்துக்கொள்ளும். ஆகவே கடிக்கிற தாடையும் பல்லும் அதற்குத் தேவையே இல்லை. சிறிய வாய், மெல்லிய உதடு. கொடுவாயைப் பிடித்துப் பழகிய கைக்கு இது புது உலகம். கொடுவாயின் வாய் எலும்புப் பாங்கானது. அங்கே ராடை ஓங்கிச் சுண்டினால்தான் முள் ஏறும். அதே சுண்டலை மடவையிடம் காட்டினால் உதட்டில் ஒரு துளி மட்டும் முள்ளோடு வரும், மீன் வராது.

கோவளம் குப்பத்தில் வீச்சுவலை போடும் பெரியவர் ஒருவர் என் தக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அதோட வாய் நனைஞ்ச அப்பளம் தம்பி. இழுத்தா பிஞ்சுக்கும். அது போற போக்குல விட்டு வாங்கணும்.” தூண்டில் பற்றி நான் கேட்ட பேச்சுகளிலேயே இதற்கு ஈடான ஒன்று கிடையாது. முள்ளைத் தேர்ந்தெடுக்கும் வித்தை முழுக்க அந்த வார்த்தைகளுக்குள் இருக்கிறது.

கம்பியின் கனத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சுவாரசியமே அங்கேதான். மெல்லிய கம்பி முள் சதைக்குள் சுலபமாக ஏறிவிடும். விரலால் நரம்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே போதும். ஆனால் மீன் ஓட ஆரம்பித்ததும் அந்த மெல்லிய கம்பியே சதையை அறுக்கத் தொடங்கும். இழுவிசை முழுவதும் ஒரு சிறு கோட்டில் விழுவதால் துளை நீண்டுகொண்டே போய், ஒரு துள்ளலில் முள் கழன்று விழும். தடித்த கம்பி அறுக்காது, விசையை அகலமாகத் தாங்கும். ஆனால் அது உள்ளே ஏறவே பலம் கேட்கும், அந்தப் பலத்தை இந்த உதடு தாங்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு: கம்பி மிதமான கனம், முனை மட்டும் அதீதக் கூர்மை. சின்னு முள் எனக்கு அந்த இடத்தைக் காட்டியது. முனை தானாக ஏறுகிறது, கம்பி தாங்குகிறது, கை சும்மா இருக்கிறது. முதன்முதலில் இதை உணர்ந்தபோது எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது!

அந்தக் கூர்மைக்கு ஒரு தனி வணக்கம். இப்போது வரும் நல்ல முட்களை உயர்கரிம எஃகில் செய்து, முனையைத் தீட்டி, அமிலத்தில் நனைத்து, சாணைக்கல் விட்ட நுண்ணிய கீறல்களையும் கரைத்துவிடுகிறார்கள். சோதிக்கும் வழி எளிது. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் பாரமே இல்லாமல் வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் மொக்கை. நகத்தில் சட்டென்று நின்றால் அது மடவைக்கு உரியது. உப்புத்தண்ணீரில் ஒரு நாள் கிடந்த முள் துருவை முதலில் முனையில்தான் காட்டும். அதனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, புதிய முட்களோடு சேர்க்காமல் தனி டப்பாவில் போடுவேன். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் தூக்கி எறிந்துவிடுவேன். ஒரு முள்ளின் விலை எங்கே, ஒரு நல்ல மடவை எங்கே!

தண்டு ஏன் குட்டையாக இருக்க வேண்டும்? நீளத் தண்டு நெம்புகோலாக வேலை செய்யும். மீன் தலையை ஆட்டும்போதெல்லாம் தண்டின் நுனி அசைந்து, துளையை நெம்பிப் பெரிதாக்கும். குட்டைத் தண்டில் அந்த நெம்பு பலம் இல்லை. அதோடு இரையாக வைக்கும் மைதா உருண்டைக்குள் முழு முள்ளும் மறைந்துவிடும். மடவை இரையை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பும் மீன். முள் வாய்க்குள் எவ்வளவு லேசாக வந்து போகிறதோ அவ்வளவு நல்லது.

முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் உயிர். இடைவெளி குறுகிய முள், உருண்டை மாவினாலேயே அடைபட்டு முனை வெளியே எட்டிப் பார்க்காமல் போய்விடும். அகல இடைவெளி இருந்தால் உதட்டின் நுனியை மட்டும் கவ்வாமல் சதையை நிறையச் சேர்த்துப் பிடிக்கும். ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி முட்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடைவெளி வேறாக இருக்கும். எண்ணை நம்பவே முடியாது. மேல்நாட்டு முறையில் எண் கூடக்கூட முள் சிறுக்கும், 12 என்பது 8ஐவிடச் சின்னது. ஜப்பான் உள்நாட்டு முறையில் எண் கூடினால் முள்ளும் பெருக்கும். மேல்நாட்டு எண்ணில் சொன்னால் மடவைக்கு 8 முதல் 12 வரை என் கை போகும். பெரிய மடவை நடமாடும் நாளில் 6. ஆனால் கடையில் நான் எண் கேட்பதில்லை, பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து இடைவெளியைத்தான் பார்ப்பேன்.

முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டி நிற்கும் எதிர்முள்ளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. எதிர்முள் இல்லாத முள் வழுக்கிக்கொண்டு ஏறும், துளையும் சின்னதாக இருக்கும். மென்மையான வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் மடவை தண்ணீரை விட்டு மேலே துள்ளும் மீன். அந்தக் கணத்தில் நரம்பு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். நான் குறடால் எதிர்முள்ளைப் பாதி மட்டும் அமுக்கிவிடுவேன். ஒரு சிறு புடைப்பு மிஞ்சும். ஏறுவதைத் தடுக்காது, துள்ளலுக்குப் பிடிமானமாக நிற்கும். பால்கெண்டைக்கும் இதையே செய்கிறேன். அதற்கும் பல் கிடையாது, வாய் சிறிது. ஆனால் ஓட்டம் பயங்கரம். சீஷெல்ஸின் அல்போன்ஸ் தீவில் பாசி நிறத்து இழைகளை முள்ளில் கட்டி இந்த மீனைப் பிடிப்பதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் ஏன் அப்படி அலைகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

எதிர்முள் இல்லாத முள் புதிதல்ல. ஜப்பானின் ஒக்கினாவாவில் சகிதாரி குகையில் கிடைத்த, கடல்நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்களைப் பற்றி 2016இல் ஆய்வு வெளியானது. வயது ஏறக்குறைய 23,000 ஆண்டுகள். அவற்றின் படத்தைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். எதிர்முள் இல்லை, நரம்பு கோக்கும் துளையும் இல்லை, ஓர் அழகான வளைவு மட்டும். வளைவின் அகலத்தைச் சரியாக அமைத்தால் மீன் நிற்கும் என்பது அவற்றைச் செய்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது! நார்வேயின் மஸ்டாட் நிறுவனம் 1877இல் இயந்திரத்தில் முள் செய்யத் தொடங்கியது. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் இன்றும் ஊர் ஊராக முள் செய்கிறார்கள். அத்தனை பேரும் அந்த ஒரு வளைவைத்தான் இன்னும் நுட்பமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ராடும் நரம்பும் முள்ளுக்குத் துணை போக வேண்டும், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுனி வளைந்து கொடுக்கும் ராடு. பின்னல் நரம்பு வேண்டாம், தங்கூஸ்தான். அது கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரீலின் பிடி தளர்வாக இருக்கட்டும். நரம்பை முள்ளின் தண்டைச் சுற்றிக் கட்டினால் இழுப்பு நேர்க்கோட்டில் போகும். சின்னு முட்களில் பெரும்பாலும் காதுத் துளை இருக்காது, தட்டையான தலைதான். ஆகவே இந்தக் கட்டைப் பழகியே ஆக வேண்டும். பழகிவிட்டால் வேறு கட்டு மனதுக்கு ஒப்பாது.

ஐப்பசி மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்திருக்கும் காலையில், ரொட்டித் தூளைத் தூவிவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தக்கை மூழ்காது, அரை விரல் பக்கவாட்டில் நகரும். நான் சுண்டமாட்டேன். ராடை மெல்லச் சாய்த்து நரம்பை நேராக்குவேன், அவ்வளவே. உள்ளே ஏதோ கனக்கும். அடுத்த நொடி ரீல் பாட ஆரம்பிக்கும்! முதல் ஓட்டத்தை நிறுத்தவே கூடாது, போகட்டும். இரண்டாவது ஓட்டம் குறையும், மூன்றாவதில் வட்டமடிக்கும். கரை பக்கம் வந்து நம்மைக் கண்டதும் இன்னொரு முறை சீறும். அதற்கு ரீலின் பிடியை முன்பே இன்னும் தளர்த்தி வைக்க வேண்டும். பாலத்தின் மேலிருந்து தூக்குகிற வேலை இந்த மீனிடம் நடக்காது. உடல் எடை முழுவதும் உதட்டில் தொங்கினால் கிழிந்துவிடும். கரையில் நின்று, கைவலையைத் தண்ணீருக்குள் ஆழ்த்தி, மீனை அதன் மேல் நடத்திக் கொண்டுவந்து தூக்குங்கள். முள் எங்கே ஏறியிருக்கிறது என்று அப்போது பாருங்கள்: உதட்டின் ஓரம், சதை திரண்ட இடம், துளை நூலளவு. விரலால் திருப்பினால் கையோடு வந்துவிடும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மேல்நாட்டு 10ஆம் எண்ணில் ஒரு பாக்கெட்டும் 8இல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு சிறிய குறடு. கடைக்காரர் சம்மதித்தால் ஒரு முள்ளை வெளியே எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.