முதுகில் ஒரு கூடை

நேபாளம் என்றதும் கண் தானாகப் பனிச்சிகரத்துக்கு ஏறிவிடுகிறது. கொஞ்சம் கீழே பாருங்கள்: கல்படியில் நிதானமாக ஏறும் ஒரு முதுகு, அதன்மேல் ஒரு மூங்கில் கூடை. அதன் பெயர் டோக்கோ. அடி குறுகி வாய் அகன்றிருக்கும். பச்சை மூங்கிலைப் பிளந்து, கத்தியால் மெல்லச் சீவி, வளைந்தாலும் ஒடியாத சிம்புகளாக்கி, தேன்கூட்டுக் கண்கள் விழும்படி பின்னுகிறார்கள். சிம்புகள் ஒன்றையொன்று உரசும் சரசரப்பில் ஒரு தாளம் இருக்கிறது. அளவுகோல் கிடையாது; விரல்களுக்கே கணக்கு தெரியும். நாளாக ஆகப் பச்சை மங்கித் தேன்நிறம் ஏறும். முதுகு உரசும் பக்கம் வழவழப்பாகும்.

இதற்குத் தோள்வார் இல்லை. நாம்லோ என்னும் பட்டை கூடையின் அடியைத் தாங்கி, நெற்றிக்குச் சற்று மேலே வந்து அமர்கிறது. புல்லோ, விறகோ, எருவோ, அரிசி மூட்டையோ, எல்லாப் பாரமும் அந்த ஒரு பட்டையில்தான். லுக்லாவிலிருந்து நாம்சே பசாருக்கு ஏறும் வழியில் சுமையாளர்கள் கையில் குட்டையான ஊன்றுகோல் ஒன்றும் இருக்கும். மூச்சு வாங்கும்போது அதைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமல் நின்றபடியே இளைப்பாறுவார்கள். பிறகு மறுபடியும் அதே சீரான நடை. அந்தப் பக்கம் போகும் இளையவர்களே, எதிரே டோக்கோ வந்தால் மலையோரமாக ஒதுங்கி வழிவிடுங்கள். கைகூப்பி ஒரு 'நமஸ்தே' சொல்லுங்கள். மலைநாட்டின் பொறுமை உங்களைக் கடந்து போகிறது.