தோற்ற வாக்கெடுப்புகளில் தெரிந்த ஆட்டக்காரர்

பிரிட்டனின் தொழிற்கட்சி அமைச்சர் ராபின் குக்கின் நாடாளுமன்ற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால், எல்லோரும் 2003 மார்ச் 17 இரவு ஈராக் போரை எதிர்த்து அவர் ஆற்றிய ராஜினாமா உரையைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நான் அதற்கு ஆறு வாரம் முன்னால் போகிறேன். பிப்ரவரி 4 அன்று, பிரபுக்கள் சபையை எப்படி மாற்றி அமைப்பது என்று பிரிட்டனின் காமன்ஸ் சபை ஒரே மாலையில் வரிசையாக வாக்களித்தது. எல்லோரையும் நியமிப்பதா, எல்லோரையும் தேர்ந்தெடுப்பதா, பாதிப் பாதியா, இத்தனை சதவீதமா, அத்தனை சதவீதமா என்று பல வழிகள் முன்வைக்கப்பட்டன. சபை ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிராகரித்தது. 80 சதவீத உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் கொண்டுவரலாம் என்ற யோசனை விழுந்தது 281க்கு 284 என்ற கணக்கில். மூன்றே வாக்குகள்.

அந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்திய அவை முன்னவர் குக். பெரும்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்ட மேலவை வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. முழுக்க நியமன சபையே நல்லது என்று சில நாட்களுக்கு முன்பு வெளிப்படையாகச் சொன்னவர் அவருடைய தலைவர், பிரதமர் டோனி பிளேர். பிரதமரின் விருப்பம் இன்னதென்று தெரிந்த பிறகும், அவர் கீழே பணியாற்றும் ஓர் அமைச்சர் எதிர்த்திசையில் சபையை இழுத்துக்கொண்டு மூன்று வாக்கு தூரம் வரை வந்துவிட்டார். என் கணக்கில் இது அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. சாதனைப் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

பிரச்சினை அங்கேதான். ஓர் அமைச்சரின் வாக்குப் பதிவை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கறையே இருக்காது. சுதந்திர வாக்கெடுப்புகளைத் தவிர மற்ற நேரங்களில் கூட்டுப் பொறுப்பு என்ற விதி அவரைக் கட்டிப்போடுகிறது. அமைச்சரவைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். வாக்கெடுப்பு மணி அடித்தபின், எட்டு நிமிடத்தில் கதவு மூடுவதற்குள், அரசு நிற்கும் லாபிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். போக மனமில்லை என்றால் பதவியை விட வேண்டும். கொறடா அனுப்பும் தாளில் மூன்று கோடு போட்டிருந்தால் சாதாரண உறுப்பினருக்கே நெருக்கடி. அமைச்சருக்கு அந்தக் கோடுகளே தேவையில்லை. ஆகவே ‘அரசுடன் நூற்றுக்கு நூறு வாக்களித்தார்’ என்று ஓர் அமைச்சரைப் பற்றிச் சொன்னால், அவர் அமைச்சராக இருந்தார் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

குக் 1991 முதல் 1998 வரை கிளாஸ்கோவின் ‘ஹெரால்டு’ நாளிதழில் குதிரைப் பந்தயக் கணிப்புகள் எழுதியவர். வெளியுறவு அமைச்சரான பிறகும் அந்தப் பத்தி கொஞ்ச காலம் வந்தது. அவரை எடைபோட அந்தப் பத்தியின் முறையே போதும். கிண்டியில் ரேஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: எந்த இடத்தில் வந்தது என்பதோடு எத்தனை கிலோ சுமந்து ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும். 60 கிலோ சுமந்து மயிரிழையில் தோற்ற குதிரை, 50 கிலோவோடு ஜெயித்ததைவிட நல்ல குதிரையாக இருக்கலாம். அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்தில் வளர்ந்த குக், ட்ரைடெண்ட் அணு ஏவுகணைகளை வைத்திருந்த அரசில் அமர்ந்தார். அந்தச் சுமையோடு அவர் எப்படி ஓடினார் என்பதே கேள்வி.

சுமை ஏறுவதற்கு முந்தைய ஓட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1974 பிப்ரவரி 28 அன்று, தன் 28வது பிறந்த நாளில், எடின்பரோ மத்தியத் தொகுதியில் ஜெயித்து சபைக்குள் வந்தார் குக். ஆறு ஆண்டு கழித்து, எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபடி அவர் செய்த காரியம் இன்றைக்கும் போதிய அளவு பேசப்படுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கிடையேயான ஓரினச் சேர்க்கை 1967லேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்தில் அது குற்றமாகவே நீடித்தது. 1980இல் ஸ்காட்லாந்து குற்றவியல் மசோதா வந்தபோது அதில் ஒரு திருத்தத்தைச் செருகினார் குக். கட்சிக் கட்டுப்பாடு இல்லாத வாக்கெடுப்பில் 203க்கு 80 என்று அது நிறைவேறியது. மார்கரெட் தாட்சரின் கட்சி பெரும்பான்மையோடு இருந்த சபை அது. எதிரணி வரிசையிலிருந்து வாக்குகளைத் திரட்டாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. அமைச்சராகாமலேயே ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியவர் என்ற பெருமை அவருக்கு அப்போதே உண்டு.

அடுத்து 1996. ஈராக்குக்கு ஆயுதத் தளவாடங்கள் போன விவகாரத்தில் ஸ்காட் விசாரணை அறிக்கை ஐந்து தொகுதிகளாக, 1,800 பக்கங்களுக்கு மேல் வந்தது. அரசு அதைப் பல நாட்கள் கையில் வைத்துப் பதில் தயாரித்தது. எதிர்க்கட்சியின் சார்பில் பேச வேண்டிய குக்குக்கு, சபையில் அறிக்கை வெளியாகும் நாளில் படிக்கக் கிடைத்தது சுமார் இரண்டு மணி நேரம். இருந்தும் அவர் சபைக்குள் வந்து, எந்தப் பக்கத்தில் அமைச்சர்களின் விளக்கம் உடைகிறது என்று துல்லியமாகக் காட்டினார். இதற்குக் குரல்வளம் போதாது. விவகாரத்தை நான்கு ஆண்டாகக் கூடவே இருந்து கவனித்தவரால்தான் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று தெரிந்து 1,800 பக்கத்தைப் புரட்ட முடியும். பிப்ரவரி 26 அன்று நடந்த வாக்கெடுப்பில் அரசு பிழைத்தது 320க்கு 319 என்று. குக்குக்கு ஒரு வாக்கில் தோல்வி.

வெளியுறவு அமைச்சராக அவர் ஆடிய நான்கு ஆண்டு, 1997 முதல் 2001 வரை, என்னைப் பொறுத்தவரை அவருடைய சுமாரான காலம். பதவியேற்ற பத்தே நாளில், வெளியுறவுக் கொள்கைக்கு ஓர் அறநெறிப் பரிமாணம் இருக்கும் என்று அறிவித்தார். அதே ஆண்டு கோடையில், கிழக்குத் திமோரை ஆக்கிரமித்திருந்த இந்தோனேசியாவுக்கு ஹாக் விமானங்கள் விற்க முந்தைய அரசு தந்திருந்த உரிமங்களை ரத்து செய்யாமல் விட்டார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் உருவாக அவருடைய அரசு உழைத்தது, சல்மான் ருஷ்டி மீதான ஃபத்வா விஷயத்தில் 1998இல் ஈரானுடன் உடன்பாடு கண்டது. அவற்றை மறக்கக் கூடாது. ஆனால் நாடாளுமன்றப் பணி என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. 1998 டிசம்பரில் ஈராக் மீது குண்டு வீசியபோதும், 1999இல் கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது 78 நாள் வான்தாக்குதல் நடந்தபோதும், ஒப்புதல் கேட்டு அரசு சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரவில்லை. விவாதம் நடந்தது, அமைச்சர்கள் விளக்கம் தந்தார்கள். சபையின் சம்மதம் கேட்கப்படவில்லை. அப்போது வெளியுறவு அமைச்சர் குக். பின்னாளில் அவர் எடுத்த நிலைப்பாட்டை மதிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டுவது நியாயமில்லை.

2001 தேர்தலுக்குப் பிறகு அவரை வெளியுறவிலிருந்து எடுத்து அவை முன்னவராக்கினார் பிளேர். பத்திரிகைகள் அதைப் பதவி இறக்கம் என்றே எழுதின. குக்குக்கும் வலித்திருக்கும். ஆனால் 167 இடப் பெரும்பான்மை கொண்ட அரசில், சபையைப் பற்றிக் கவலைப்பட நேரமும் அதிகாரமும் ஒருசேரக் கிடைத்த ஒரே மனிதராக அவர் ஆனது இதனால்தான்.

வந்த சில வாரங்களிலேயே முதல் சோதனை. போக்குவரத்துக் குழுத் தலைவர் க்வினெத் டன்வுடி, வெளியுறவுக் குழுத் தலைவர் டொனால்ட் ஆண்டர்சன் இருவரையும் குழு உறுப்பினர்களின் புதிய பட்டியலிலிருந்து கழற்றிவிட்டார்கள் ஆளுங்கட்சிக் கொறடாக்கள். இருவரும் ஆளுங்கட்சிக்காரர்கள்தான், அரசைக் கேள்வி கேட்டதுதான் குற்றம். குக் அந்தப் பட்டியலைச் சபையின் சுதந்திர வாக்குக்கு விட்டார். ஜூலை 16 அன்று சபை பட்டியலைத் தூக்கி எறிந்தது. இருவரும் திரும்பி வந்தார்கள். அதோடு நிறுத்தாமல், குழு நியமனத்தையே கொறடாக்களின் கையிலிருந்து பிடுங்கிவிட 2002 மே மாதம் ஒரு திட்டம் கொண்டுவந்தார் குக். சொற்ப வித்தியாசத்தில் அதைத் தோற்கடித்துவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2010இல், குழுத் தலைவர்களைச் சபையே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. இன்று பிரிட்டனில் அமைச்சர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் குடையும் குழுத் தலைவர்களைப் பார்க்கும்போது, அவர்களின் துணிச்சலுக்கு ஒரு காரணம் கொறடாவின் தயவில் அவர்கள் அங்கு வரவில்லை என்பதே என்று புரிகிறது.

சபையின் நேரத்தையும் அவர் மாற்றினார். நள்ளிரவுவரை நீளும் அமர்வுகளை விட்டுக் காலையில் தொடங்கும் முறைக்கு 2002 அக்டோபரில் சபை ஒப்புக்கொண்டது. பிரதமர் கேள்வி நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து நண்பகலுக்கு வந்தது 2003 ஜனவரியில். செவ்வாய்க்கிழமை நேரத்தை மட்டும் 2005இல் பழையபடி திருப்பிக்கொண்டார்கள். இவற்றைவிட முக்கியமானது, வாய்மொழிக் கேள்விக்கான முன்னறிவிப்பு இரண்டு வாரத்திலிருந்து மூன்று நாளாகச் சுருங்கியது. இரண்டு வாரம் முன்பு எழுதிக் கொடுத்த கேள்வி சபைக்கு வரும்போது ஆறிப்போயிருக்கும், அமைச்சரின் அதிகாரிகள் பதிலை மெருகேற்றி வைத்திருப்பார்கள். மூன்று நாள் என்றால் விஷயம் சூடாக இருக்கும்போதே அமைச்சர் எழுந்து நிற்க வேண்டும். ஓர் அமைச்சரே அமைச்சர்களின் வசதியைக் குறைத்தார். அவருடைய பதவிக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது.

பிறகு ஈராக். பிரிட்டனில் போர் தொடுக்கும் அதிகாரம் முடியரசின் பெயரால் பிரதமருக்கு உரியது. சபையைக் கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. படைகள் இறங்குவதற்கு முன்பு சபை வாக்களிக்க வேண்டும் என்று அமைச்சரவைக்குள் நெருக்கியவர்களில் குக் முன்னணியில் இருந்தார். 2003 பிப்ரவரி 26 அன்றே அரசுக் கட்சியின் 121 உறுப்பினர்கள் போருக்கான வாதம் நிரூபிக்கப்படவில்லை என்று வாக்களித்திருந்தார்கள். ஐநா பாதுகாப்புச் சபையில் போருக்கு ஒப்புதல் தரும் இரண்டாவது தீர்மானம் கைகூடாது என்று தெரிந்த மார்ச் 17 அன்று குக் ராஜினாமா செய்தார். அன்றிரவு பின்வரிசையிலிருந்து எழுந்து பேசினார்.

அந்தப் பேச்சின் பலம் அதன் நிதானத்தில் இருக்கிறது. பிளேரை அவர் தாக்கவில்லை; தலைவரை இறக்க இதைப் பயன்படுத்த நினைப்பவர்களிடம் தனக்கு அனுதாபம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். ஒரு நகரத்தை நோக்கி ஏவக்கூடிய பேரழிவு ஆயுதம் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளப்படும் எதுவும் ஈராக்கிடம் அநேகமாக இல்லை என்றார். நான்கு ஆண்டு வெளியுறவு அமைச்சராக உளவுத் தகவல்களைப் படித்தவர் சொன்ன கணிப்பு அது. அதுவே சரி என்று பின்னால் தெரிந்தது. முடித்து உட்கார்ந்ததும் உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டுவது அந்தச் சபையின் மரபுக்கு விரோதம்.

மறுநாள் போர் எதிர்ப்புத் திருத்தம் 217க்கு 396 என்று தோற்றது. ஆளுங்கட்சியின் 139 பேர் அரசுக்கு எதிராகப் போனார்கள். அமைச்சராக இருந்தபோது கறையே படாத குக்கின் வாக்குப் பதிவில், அவர் முழு மனதோடு போட்ட வாக்கு இந்தத் தோற்ற அணியில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு அமைச்சரின் பதிவையும் வைத்துப் பாருங்கள். சர்வதேச மேம்பாட்டு அமைச்சர் கிளேர் ஷார்ட், பிரதமரின் போக்கு பொறுப்பற்றது என்று மார்ச் 9 அன்று வானொலியில் சொன்னவர். போருக்குப் பிந்தைய புனரமைப்பில் பங்கு வேண்டும் என்று பதவியில் தங்கி, மார்ச் 18 அன்று அரசோடு வாக்களித்தார். மே 12 அன்று விலகினார். இருவரின் கோபமும் உண்மை. ஒருவரின் விலகல் சபையின் தீர்ப்புக்கு முன்பு வந்தது, மற்றவருடையது பின்பு. பதவி விலகலில் நேரம்தான் பாதி ஆட்டம்.

இந்தியாவில் இப்படி ஒரு வாக்குப் பதிவை அலசவே நமக்கு வாய்ப்பு குறைவு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாவதில்லை. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடவும் தேவையில்லை. பிரிட்டனில் கொறடாவை மீறியவர் அதிகபட்சம் கட்சியை இழப்பார். இங்கே 1985 கட்சித்தாவல் தடைச் சட்டப்படி தொகுதியையே இழக்கலாம். 139 பேர் தங்கள் சொந்தக் கட்சி அரசை எதிர்த்து வாக்களித்துவிட்டு மறுநாளும் உறுப்பினர்களாக வந்து அமர்வது நம் மக்களவையில் நடக்க வழியில்லை. கட்சித்தாவலைத் தடுக்க வந்த சட்டம் போர், வரி, உரிமை என எல்லா வாக்குக்கும் பூட்டுப் போட்டது பெரும் இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

குக் 2005 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் பென் ஸ்டாக் மலையில் நடக்கும்போது சரிந்து, 59 வயதில் இறந்தார். போரைத் தடுக்க முடியாவிட்டாலும் போரைத் தீர்மானிக்கும் உரிமையைச் சபைக்குப் பெற்றுத் தந்ததாக அவர் கருதினார். எடின்பரோவில் உள்ள கல்லறையிலும் அந்தக் கருத்தைத்தான் பொறித்திருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீது ராணுவ நடவடிக்கைக்கு அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் ஒப்புதல் கேட்டபோது, சபை 272க்கு 285 என்று மறுத்தது. கேமரன் அன்றிரவே அதை ஏற்றுக்கொண்டார், பிரிட்டிஷ் விமானங்கள் கிளம்பவில்லை. பத்து ஆண்டுக்கு முன்பு குக் தோற்ற வாக்கெடுப்பு ஒரு முன்னுதாரணமாக வேலை செய்தது அங்கேதான். 2018 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் தெரசா மே, சபையைக் கேட்காமலேயே சிரியா மீது ஏவுகணை வீச உத்தரவிட்டார். சனிக்கிழமை அதிகாலை தாக்குதல், திங்கட்கிழமை சபையில் விளக்கம். 2024 ஜனவரியில் ஏமன் தாக்குதலுக்கும் முன்வாக்கு கேட்கப்படவில்லை. அந்த உரிமை மரபாக மட்டுமே இருக்கிறது. போருக்கு முன்பு சபையைக் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டத்தை எந்தக் கட்சி அரசும் இன்னும் நிறைவேற்றவில்லை.