மூன்று ஔவைகளும் ஒரு கைத்தடியும்

ஔவையாரை நான் முதலில் பார்த்தது பள்ளிப் புத்தகத்தில். நெற்றி நிறைய நீறு, வளைந்த முதுகு, கையில் தடி. அப்புறம் கொட்டகையில் கே.பி. சுந்தராம்பாள். வாசனின் 'ஔவையார்' வந்தது 1953இல். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் அது பல வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நிறுத்திய சிலைகளுக்கு நடுவிலும் அதே கிழவிதான். தமிழனுக்கு ஔவை என்றால் பாட்டி. இதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லாமல்தான் இருந்தது.

புறநானூற்றின் 235ஆம் பாட்டை இருபத்திரண்டு வயதில் படித்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். அதியமான் செத்துப்போனபின் ஒருத்தி அழுகிறாள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் கூட இருந்து குடிப்பான் என்கிறாள். நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறாள். 89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் அவளை மை தீட்டிய கண்ணுடைய விறலி என்று விளித்து, உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று கேட்கிறான். அவள் அவனுக்குப் பதில் சொல்கிறாள். 95இல் தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டு, உன் வேல்கள் நெய் பூசி மயில்பீலி சூட்டி அழகாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை குத்தி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். குறுந்தொகை 28இல் தன் நோய் தெரியாமல் தூங்குகிற ஊரை முட்டலாமா, அடிக்கலாமா, கத்தலாமா என்று தவிக்கிற பெண்ணும் இவள் எழுதியவள்தான். சங்கத் தொகைகளில் இந்தப் பெயரில் 59 பாட்டுகள் உள்ளன. புறத்தில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகத்தில் 4. எதிலும் கைத்தடி இல்லை.

பண்டிதர்களைக் கேட்டால் உடனே பதில் வரும்: 'தம்பி, அது வேற ஔவை.' சங்க ஔவை ஒருத்தி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி பாடிய ஔவை இன்னொருத்தி. சோழர் காலத்தவள் என்பார்கள். விநாயகர் அகவலும் ஔவைக்குறளும் பாடிய யோகி மூன்றாமவள். இந்தக் கணக்கைச் சிலர் ஆறு வரை கொண்டுபோனார்கள். கணக்கு சரிதான். நல்வழியின் கடைசி வெண்பா தேவார மூவரையும் திருவாசகத்தையும் திருமூலரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதைப் பாடியவள் அதியமானோடு கள் குடித்திருக்க முடியாது. ஆனால் எண்ணிக்கையைத் திருத்தியதோடு புலமை நின்றுவிடுகிறது. இத்தனை பேரை ஒரே உடம்புக்குள் திணித்தது யார், எதற்காக, திணித்தபோது எந்த உடம்பு மிஞ்சியது என்று அது கேட்பதில்லை.

ஃபூக்கோ 1969இல் ஆசிரியன் பற்றிப் பேசிய உரையில் புனித ஜெரோமின் சல்லடைகளைச் சொல்கிறார். ஒரே பெயரில் பல நூல்கள் கிடைத்தால் என்ன செய்வது? தரத்தில் தாழ்ந்ததை நீக்கு, கருத்தில் முரண்படுவதை நீக்கு, நடை மாறுவதை நீக்கு, ஆள் செத்தபின் நடந்ததைச் சொல்வதை நீக்கு. மிஞ்சுவதுதான் ஆசிரியன். ஔவையை இதில் போட்டுப் பாருங்கள். நான்கு சல்லடையிலும் நிற்கமாட்டாள். ஆனாலும் ஆயிரம் வருஷமாக ஒருத்தியாகவே நடமாடுகிறாள். மேற்கே ஆசிரியப் பெயர் கழித்துக் கழித்து உண்டானது என்றால், இங்கே இந்தப் பெயர் கூட்டிக் கூட்டி உண்டானது.

ஆண்களுக்கு நம் மரபு வேறு மாதிரி நடந்துகொண்டது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்று ஊரும் தொழிலும் சேர்த்து எழுதிவைத்தார்கள். ராஜாக்களைச் செத்த இடத்தை வைத்துக்கூடப் பிரித்தார்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். இருவரும் ஒருவன்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அப்படியானால் இன்னும் நல்லது. ஒரு ராஜாவை இரண்டாக எண்ணும் அளவுக்குத் தாராளம்.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு நண்பர் மடக்கினார். ஒக்கூர் மாசாத்தியார் பெண்தானே, ஊர்ப்பெயர் இருக்கிறதே? நக்கீரர் ஆண்தானே, அவரையும் ஒன்றாக்கினார்களே? நியாயமான கேள்வி. சங்க நக்கீரர், இறையனார் களவியலுக்கு உரை கண்ட நக்கீரர், பதினோராம் திருமுறையின் நக்கீரதேவ நாயனார் எல்லோரும் ஒருவராகிப்போனார்கள். ஆனால் ஒன்றாக்கியதில் நக்கீரருக்கு நஷ்டமில்லை. சிவனிடமே குற்றம் குற்றமே என்று நின்றவராக வளர்ந்தார். ஔவைக்கு நடந்தது வேறு. அவளிடமிருந்து கள் போயிற்று, காமம் போயிற்று, இளமை போயிற்று. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியானாள் என்று கதை கட்டினார்கள். ஊர் ஊராய்த் திரிந்து ராஜாக்களோடு சரிசமமாய்ப் பேசுகிற பெண்ணைக் கற்பனை செய்ய, இடைக்காலத்துக்கு அவளுடைய கர்ப்பப்பையை வற்றவைக்க வேண்டியிருந்தது. அப்புறம் அவளுக்குத் தரகு வேலை வேறு கொடுத்தார்கள். பாரி மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துப்போய் அலைந்தவர் கபிலர்; புறநானூறு அதைச் சொல்கிறது. ராஜராஜன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டும் கபிலரைத்தான் சொல்கிறது. பின்னால் வந்த கதைகளில் அங்கவை சங்கவைக்குக் கல்யாணம் செய்துவைப்பவள் ஔவை. தான் வேண்டாமென்று ஓடியதை அடுத்தவளுக்கு முடித்துவைக்கிறாள்.

அச்சு வந்ததும் இது இறுகிப்போனது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியது நீதி சொன்ன ஔவையை. ஆரம்பகாலத் தமிழ் அச்சிலேயே அவள் வந்துவிட்டாள். விறலி ஔவை உ.வே. சாமிநாதையர் கையால் புறநானூறாக அச்சேறியது 1894இல். நற்றிணையும் குறுந்தொகையும் 1915இல். முன்னே பிறந்தவள் கடைசியில்தான் வந்து சேர்ந்தாள். வந்தபோது நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாட்டி வாயால் என்னவெல்லாம் சொல்லவைத்தார்கள் என்பதில்தான் எனக்கு வயிறெரிகிறது. பெண் பேச்சைக் கேட்காதே என்கிறது ஆத்திசூடி. அறியாமைதான் பெண்ணுக்கு நகை என்கிறது கொன்றைவேந்தன். ஐந்து வயதுப் பையன் ஒரு பெண்ணின் பெயரால் பெண்ணைக் கேட்காதே என்று மனப்பாடம் செய்கிறான்! பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது இதைத் தலைகீழாக்கினான். அவனுக்கு உறைத்திருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை' வந்தபோது, விறலியின் உடம்பு மேடைக்குத் திரும்பியது. நம்மில் பலருக்கு அது விடுதலையாக இருந்தது. எனக்கும்தான். அதன்பிறகு நம் வட்டங்களில் ஒரு பழக்கம் வந்தது: 'நம்ம ஔவை' விறலி, மற்றவர்கள் பார்ப்பனிய, சைவ இடைச்செருகல். இதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. மூன்றை ஒன்றாக்கியது அதிகாரம் என்றால், மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் துரத்துவதும் ஜெரோமின் வேலைதான். ஆத்திசூடியை எழுதியது ஆணா பெண்ணா? ஆண் என்றால் முகமூடி என்று சொல்லித் தப்பிக்கலாம். பெண் என்றால்? அப்போது அவளைப் படித்தே ஆகவேண்டும். தன் சொல்லையே கேட்காதே என்று எழுதுகிற கைக்கு என்ன நெருக்கடி என்று கேட்கவேண்டும். கொடுப்பவன், கொடாதவன் இரண்டைத் தவிர வேறு சாதியில்லை என்று நல்வழியில் பாடியதும் இதே பெயர்தான். மேடைதோறும் அதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு போகிறோமே, அந்தப் பாட்டியை வெளியே அனுப்பிவிட்டா?

பட்டியலில் வராத இன்னொரு ஔவையும் உண்டு. நாஞ்சில்நாட்டில் என் ஆச்சி ஔவையார் நோன்பு இருப்பாள். 'அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி' என்று கணக்கு, செவ்வாய்க்கிழமை நடுராத்திரி. ஆண்வாடை கூடாது, கைக்குழந்தையானாலும் ஆகாது. என்னையும் தாத்தாவையும் அடுத்த தெருவுக்கு விரட்டிவிடுவார்கள். உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, வயசானவள் ஒருத்தி ஔவை கதை சொல்ல, விடிவதற்குள் எல்லாம் தின்று முடித்துத் தடயம் கழுவிவிடுவார்கள். தோவாளைப் பக்கம் அவளுக்குக் கோயிலே இருக்கிறது, அம்மனாக. அந்தக் கதையில் வரும் ஔவை விறலியா, பாட்டியா, யோகியா என்று எனக்குத் தெரியாது. அச்சிலிருந்து மூன்று ஔவைகளையும் நான் பிரித்துவிடலாம். அந்த ராத்திரிக்குள் எனக்கு நுழைவில்லை.

ஒரு தடவை காலையில் கேட்டுப் பார்த்தேன். என்ன கதை ஆச்சி சொன்னீங்க?

'உனக்கு எதுக்குலே அது' என்றாள். கையில் மாவு இன்னும் ஒட்டியிருந்தது.