கருஞ்சீரகமும் ஒரு துண்டுப் பிரசுரமும்

அண்மையில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தல், பக்கத்தில் அதோடு வந்த துண்டுப் பிரசுரம். கிளினிக்கில் கொடுத்த சீனி வருத்தக் குளிசைகளை ஒரு மாதமாக அவர் நிறுத்தியிருந்தார்.

"மௌத்தைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்தெண்டு ஹதீஸே இருக்கு மகன். பிறகு குளிசை என்னத்துக்கு?"

பிரசுரத்தை எடுத்து வாசித்தேன். மேலே ஹதீஸ், கீழே 'விஞ்ஞானமும் நிரூபித்துவிட்டது' என்றொரு வரி. எந்த ஆய்வு, எத்தனை பேரிடம், என்ன அளவில் என்று ஒரு சொல்லும் இல்லை.

ஆய்வு இல்லாமலில்லை. 2010இல் வெளியான சவூதி ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 94 பேரை மூன்று குழுக்களாக்கி, நாளுக்கு 1, 2, 3 கிராம் வீதம் மூன்று மாதம் கருஞ்சீரகம் கொடுத்தார்கள். 2 கிராம் எடுத்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க அளவு சீனி குறைந்தது. 3 கிராமில் மேலதிகப் பயன் தெரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால், கொடுத்தது விதை, எண்ணெயல்ல. கருஞ்சீரகமே எடுக்காத குழுவொன்று ஒப்பிட இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நோயாளிகள் வழமையான மருந்துகளோடு சேர்த்தே அதை எடுத்தார்கள். மருந்தை விட்டவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

ஹதீஸில் எனக்குச் சந்தேகமில்லை. பிரசுரம் அதை வாசித்த விதத்தில்தான் கேள்வி. கத்தாபி போன்ற முன்னோர், இங்கே 'எல்லா' என்பது பொதுச் சொல்லாயினும் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதுகிறது என்றார்கள். இப்னு ஹஜர் 'பத்ஹுல் பாரி'யில் அதை எடுத்துக்காட்டுகிறார். பொதுவாகவே கொள்ள வேண்டும் என்றவர்களும் உண்டு. ஆனால் கருஞ்சீரகம் எடுத்தால் மற்ற மருந்தை நிறுத்துங்கள் என்று அந்த ஹதீஸ் எங்கே சொல்கிறது? அதைச் சேர்த்தது வியாபாரம். எண்ணெய் விற்கட்டும், ஹதீஸை விற்பனைச் சீட்டாக்க வேண்டாம்.

சீனி கூடுவது உடனே தெரியாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் அரித்துவிடும்.

"கருஞ்சீரகத்தை விடச் சொல்லல்ல சாச்சி. குளிசையை விடாதீங்க. ரெண்டையும் எடுக்கிறதெண்டா கிளினிக்கில டொக்டரிட்டச் சொல்லிட்டு எடுங்க. ரெண்டும் சேர்ந்து சீனி கூடக் குறைஞ்சாலும் ஆபத்து."

சாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கிளினிக் கொப்பி எங்கே என்று மகளிடம் கேட்டார்.