கண்டன நூல்களும் அளவைப் பயிற்சியும்

கண்டன நூல்களைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. நம் சபையின் பெரியவர்கள் அளவைப் பயிற்சியில் ஊறியவர்கள். நேரில் காணும் காட்சி, காரணம் கொண்டு உய்த்துணரும் கருதல், ஏற்ற நூலின் சொல்லாகிய உரை என்னும் மூன்று அளவைகளையும் இந்த அவைக்கு விரித்து விளக்கப் புகுவது மிகை. அளவைகளைப் பத்தாக விரித்தாலும் இம்மூன்றில் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் முடிபு. எழுதுகிறவர் எதைக் காட்டி நம்மை இணங்கச் செய்கிறார் என்று அறிய இவையே கருவி.

துறைசை எனப்படும் திருவாவடுதுறை மரபின் வலிமை கருதலில். அம்மரபின் மாதவச் சிவஞான யோகிகள் எழுதிய மறுப்பு நூலான இலக்கண விளக்கச் சூறாவளியில் சொற்கடுமை உண்டு; ஆனால் காரணமில்லாத கடுமை இல்லை.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெருமானின் திறம் வேறு. பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில் விவிலியத்தையே சான்றாக எடுத்தார். எருசலேம் ஆலயத்துத் தூபமும் விளக்கும் காணிக்கையும் குற்றமில்லை என்றால் சிவாலயத்தில் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதம். ஆகமத்தை ஏற்காதவரிடம் ஆகமத்தைக் காட்டிப் பயனில்லை. அவர் ஏற்கும் உரையைத்தான் காட்ட வேண்டும். காட்சி ஒன்றையே ஒப்பும் உலகாயதனின் மதத்தைச் சித்தியாரின் பிறமத மறுப்புப் பகுதியான பரபக்கம் முதலில் அவன் வாயிலாகவே நிறுத்தி, பிறகு மறுக்கும் முறையும் இதற்கு இனமானதே.

எங்களுக்குப் பாடம் சொன்ன ஐயா இந்த அளவைப் பயிற்சியைப் பென்சிலால் கற்பித்தார். துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து, வரிக்கு வரி ஓரத்தில் ‘கா’, ‘க’, ‘உ’ என்று குறிக்கச் சொல்வார். சொன்னவரின் பெருமையை நம்பி நிற்கும் வரிக்கு ‘ஆ’. அழவைக்கும், அச்சுறுத்தும், இனப்பெருமை பேசும் வரிக்குச் சுழி. சுழியெல்லாம் பிழை என்று அவர் சொன்னதில்லை. சுழியைக் ‘க’ என்று குறித்தால்தான் கோபம் வரும். நம் தரப்பு வெளியீடுகளுக்கும் அதே பென்சில்தான். அந்த நேர்மையை வேறு எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை.

இன்று எழுதுவோர் எவரையும் குறித்துச் சொல்லவில்லை. அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் அண்மைக் கால வெளியீடுகள் சிலவற்றில் பக்கம் பக்கமாகச் சுழியே போட வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று ஒரு வரி இல்லை. பாட்டின் அடி தருகிறார்கள், நூற்பெயர் தருவதில்லை. தந்த அடியிலும் சீர் சிதைந்திருக்கிறது. அச்சுப் படியைத் திருத்துவோர் இல்லை, ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் ஒன்றாகிவிட்டன. ‘பல்லாயிரம் ஆண்டுப் பெருமை’ என்று எழுதி ஆச்சரியக்குறி இட்டால் வாதம் முடிந்ததாக நினைக்கிறார்கள். அதற்கே பொன்னாடை போர்த்துகிறோம், பட்டம் கொடுக்கிறோம். பட்டம் பெற்றவரைப் பார்த்து அடுத்தவரும் அப்படியே எழுதுகிறார். நெஞ்சு பொறுக்கவில்லை.

நின்றுபோன ஞாயிறு வகுப்பைச் சபை மீண்டும் தொடங்க வேண்டும். பரபக்கத்தை உலகாயதன் மதத்திலிருந்து வரிசையாகப் பாடம் சொல்லுங்கள். இந்த மலரையே முதல் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். என் கட்டுரையின் ஓரத்திலும் வகுப்பினர் குறியிடட்டும்.