பதி என்னும் சொல்லும் பொருள்மயக்கமும்

ஒலியொப்புமை ஒன்றே பற்றி இருவேறு மொழிச் சொற்களை ஒரு சொல்லெனத் துணிவார் இருதிறத்தர். தமிழ்ச்சொல்லை வடசொல்லாக்குவார் ஒருதிறத்தர். வடசொல்லைத் தமிழாக்குவார் மற்றொரு திறத்தர். இருவர் கூற்றும் சைவ நூற்பொருளைச் சிதைக்குமாறு ‘பதி’ என்னும் சொல்லான் இனிது விளங்கும்.

தமிழிற் பதி என்பது ஊர், உறைவிடம் எனப் பொருள்படும். நிலைபெற ஊன்றுதலைக் குறிக்கும் பதிதல் என்னும் வினையோடு அஃது உறவுடையது. வடமொழிப் பதியோ தலைவன், கணவன் எனப் பொருள்படுவது. கணவனைக் குறிக்கும் ‘போசிஸ்’ என்னும் கிரேக்கச்சொல் அதற்கு இனம். தென்னாட்டு மொழிகள் வடமொழியின் வேறாய ஓரினம் என்பதை 1816-இல் எல்லிஸ் துரையும், 1856-இல் கால்டுவெல் ஐயரும் எடுத்துக்காட்டினர்.

‘திருப்பதி’ என்பதைத் திருமகள் கணவன் என விரிப்பார் முதற்றிறத்தார். பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலை, வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. இவர் கூற்றின்படி ஆண்டு நூற்றெட்டுக் கணவரைக் கொள்ளல் வேண்டும். அஃது அவர்க்கும் உடன்பாடாகாது. திருவான்மியூரைப் பாடல்பெற்ற பதி என்பதும் ஊர் நோக்கியதே. அப்பதியில் உறையும் மருந்தீசரைப் பதி என்புழி அது வடசொல்.

இனி, மற்றைத்திறத்தார் கூற்றின்படி உமாபதி சிவாசாரியர் திருப்பெயர் ‘உமையின் ஊர்’ எனப் பொருள்பட்டு நகைப்பிற்கிடனாம். அவர் அருளிய திருவருட்பயனின் முதலதிகாரமாகிய பதிமுதுநிலை கூறுவது இறைவனியல்பேயன்றி ஊரியல்பன்று. பசு என்பதும் அன்னதே. பசுங்கிளி, பசும்பொன் என்புழி அது பசுமையடியாய தமிழ். உயிரைப் பசு என்றது பாசத்தாற் கட்டுண்டமை பற்றி, அது வடசொல். அதனைப் பசுமை எனக் கொள்ளின் கட்டு இல்லையாம்; கட்டின்றேல் வீடும் இல்லை, கட்டவிழ்க்கும் முதல்வனும் வேண்டா. முப்பொருளும் ஒருங்கே நிலைகுலையும்.

பல்லாவரத்தில் வாழ்ந்து 1950-இல் மறைந்த மறைமலையடிகள் தனித்தமிழில் உறைத்து நின்றவர். அவர்தாமும் வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்குங்கால் ஒலியைப் பற்றினாரல்லர். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் பொருளைப் பற்றியே பெயர்த்தார். வடசொல்லை விலக்குவார்க்கும் அதன் பொருளை உள்ளவாறு உணர்தலே முதற்கடன் என்பது அதனாற் பெறப்படும். பதியைப் பதியில் வழிபடுவார் இரண்டையும் வேறறிந்து வழிபடுக.